போஸ்ட்கிரெஸ் 16: நாலு காசாளர் மேசையுள்ள கடைக்குச் சரிவருமா?

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியிலோ திருநெல்வேலிச் சந்தையடியிலோ நாலு பேர் ஒரேநேரத்தில் பில் போடுகிற கடைக்குத் தரவுத்தளம் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது பூட்டு முறையை, அதாவது ஒருவர் மாற்றும் பதிவை மற்றவர் அதேநேரம் மாற்றாமல் தடுக்கும் முறையைத்தான். அதில் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற இலவசத் தரவுத்தள மென்பொருள் நன்றாகத் தேறுகிறது. ஆனால் நிறுவியதும் இருக்கிற அமைப்போடு அப்படியே கடையில் ஓடவிடக் கூடாது.

இரண்டு மேசைகள் ஒரே சீனிப் பையின் இருப்பைக் குறைத்தால், இரண்டாவது மேசை முதலாவது முடியும்வரை காத்திருந்து, புதிய இருப்பிலிருந்து கழிக்கும். கட்டளையை ‘இருப்பு = இருப்பு - 1’ என்று எழுதியிருந்தால்தான் இது சரியாக நடக்கும். இருப்பை முதலில் வாசித்து, மென்பொருளில் கழித்து, வந்த எண்ணைத் திருப்பி எழுதினால் ஒரு விற்பனை காணாமற்போகும். நிரைப் பூட்டு (அட்டவணையின் ஒரு வரிக்கு மட்டும் போடும் பூட்டு) அந்த நிரையின் தலைப்பகுதியிலேயே குறிக்கப்படுவதால், ஆயிரக்கணக்கான நிரைகளைப் பூட்டினாலும் நினைவகத்தில் பூட்டுகளைக் குறித்துவைக்கும் அட்டவணை நிரம்பாது. வெறுமனே வாசிப்பவர் எழுதுபவருக்காகக் காத்திருப்பதும் இல்லை. மத்தியான நெரிசலிலும் இருப்பு அறிக்கை எடுக்கலாம்.

ஒரு மேசை அரிசி, சீனி என்றும் மற்றது சீனி, அரிசி என்றும் பதிந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். ஒரு செக்கன் காத்திருந்தபின் போஸ்ட்கிரெஸ் அந்த வளையத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றை 40பி01 என்ற பிழையுடன் நிறுத்திவிடும். பில்லின் பொருள்களைக் குறியீட்டு எண் வரிசையில் அடுக்கிப் பதிந்தால் இந்த மறிப்பு வராது. ஆனாலும் அந்தப் பிழை வந்தால் முழு டிரான்ஸாக்ஷனையும் (ஒன்றாகவே முடியவோ ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுதியை) மறுபடி ஓட்டும் வழி மென்பொருளில் இருக்க வேண்டும்.

பெரிய குறை காத்திருப்பு வரிசையில்தான். யாரோ ஒருவர் டிரான்ஸாக்ஷனைத் திறந்து, பொருள் அட்டவணையை வாசித்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறார் என்று வையுங்கள். அந்நேரம் அதே அட்டவணையில் புது நிரல் (நெடுக்கு வரிசை) சேர்க்கப் போனால் அந்தக் கட்டளை காத்திருக்கும். அதன் பின்னால் வருகிற சாதாரண வாசிப்புகளும் காத்திருக்கும். கடை முழுக்க நின்றுவிடும். பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் லொக்_டைம்அவுட் அமைப்பு இயல்பில் 0, அதாவது முடிவில்லாத காத்திருப்பு. இப்படியான வேலைக்கு முன் அதை 3 செக்கனாக வையுங்கள். யார் மறிக்கிறார் என்று பார்க்க பிஜி_பிளொக்கிங்_பிட்ஸ் (pg_blocking_pids) என்ற கட்டளை இருக்கிறது.

நம்மூர் மின்வெட்டுக்கு இன்னொரு அமைப்பும் முக்கியம். சேர்வர் யூபிஎஸ்ஸில் ஓட, பில் பாதியில் மேசைக் கணினி மட்டும் அணைந்தால், இணைப்பு அறுந்தது சேர்வருக்குத் தெரியாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் 2 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அது சோதித்துப் பார்க்கும். அதுவரை சீனி நிரை பூட்டிலேயே கிடக்கும். திறந்த டிரான்ஸாக்ஷன் சும்மா கிடந்தால் இணைப்பை அறுக்கும் ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டை 60 செக்கனாகவும், இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் முன் காத்திருக்கும் நேரமான டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடிலை 60 ஆகவும் வைத்தால் தீரும்.

உள்ளே ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் புரொசஸ் (தனியாக ஓடும் மென்பொருட் பிரதி). எல்லாம் ஒரே பகிர்வு நினைவகத்தில் சந்திக்கின்றன. அதனால் சிக்கிய ஒன்றை ‘கில் -9’ என்று கொல்லவே வேண்டாம். பகிர்வு நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தாய்ப் புரொசஸ் மற்ற இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்து மீட்பு வேலையைத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக, அந்த ஒரு இணைப்பை மட்டும் முறையாக நிறுத்தும் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் பாவியுங்கள்.

களஞ்சிய அறைத் திரைக்கு உடனே செய்தி அனுப்ப நோட்டிஃபை வசதி கைகொடுக்கும். செய்தி 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். டிரான்ஸாக்ஷன் முடிந்தால்தான் போய்ச்சேரும். திரை அணைந்திருந்த நேரத்துச் செய்தி திரும்ப வராது. ஆகவே செய்தியை அழைப்பு மணியாக மட்டும் பாவித்து, இணைந்ததும் அட்டவணையை வாசிக்கும்படி எழுதுங்கள். இணைப்புகளைப் பகிர்ந்துகொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்ஸாக்ஷன் முறையில் வைத்தால், இந்தச் செய்திகளைக் கேட்கும் லிசன் கட்டளை வேலை செய்யாது.

மென்பொருளுக்குக் காசு இல்லை. அமைப்பைத் தெரிந்த ஒருவர்தான் தேவை. ஒரே மேசையுள்ள கடைக்கு எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுதவிடும். அங்கே எழுதுவதும் ஒருவர்தான்.