டெல்டா டார்ட் கிட்: பால்சா பக்கம் திரும்புபவர்கள் முதலில் கட்ட வேண்டியது

இருபது முப்பது வருடம் கழித்து மறுபடியும் பால்சா என்ற லேசான மரத்தில் மாடல் விமானம் கட்டலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் டெல்டா டார்ட் என்ற ரப்பர் விமான கிட்டை வாங்குங்கள், ஸ்பிட்ஃபயர், செஸ்னா மாதிரி நிஜ விமானங்களின் மாடல்களை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பார்வைக்கு இதில் ஒன்றுமே இருக்காது. ஒரு குச்சி, அதன் மேல் தாள் ஒட்டிய இறக்கை, பின்னால் முக்கோணமாக ஒரு வால், முன்னால் பிளாஸ்டிக் புரொப்பெல்லர், அடியில் முறுக்கி விடுகிற ரப்பர், அவ்வளவுதான். ஆனால் பறக்கும், நன்றாகவே பறக்கும், அதுவும் கட்டிய அன்றைக்கே.

நான் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது ஏரோமாடலிங் செய்தவன். கையால் வீசும் சக் கிளைடரில் தொடங்கி, எஞ்சின் வைத்து, கையில் பிடித்த கம்பியில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் வரை போயிருக்கிறேன். கல்கத்தாவிலிருந்து வந்த அரோரா எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்து ஊற்றிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அப்புறம் வேலை, குடும்பம் என்று எல்லாம் பரணுக்குப் போய்விட்டது. இப்போது நேரமும் கொஞ்சம் காசும் இருக்கிறது, கூடவே வெள்ளெழுத்துக் கண்ணாடியும் வந்துவிட்டது. என்னைப் போல நிறைய பேர் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

திரும்பி வருகிறவர்களின் கை முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1926-இல் தொடங்கிய கில்லோஸ் கம்பெனியின் பெட்டிகள் இன்னும் கிடைக்கின்றன, அட்டையில் இருக்கும் படமே ஆளை இழுக்கும். சிறு வயதில் வாங்க முடியாமல் போன போர் விமானம் அதில் இருக்கும். அழகான கிட்கள்தான், அலமாரியில் வைக்க அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் ஃபார்மர், ரிப், ஸ்ட்ரிங்கர் என்று எலும்புக்கூடு போன்ற சட்டத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, மேலே டிஷ்யூ என்கிற மெல்லிய தாளைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து இறுக்கி, டோப் என்கிற வார்னிஷ் போன்ற பூச்சை அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இரண்டாம் உலகப் போர் விமானம் என்றால் இறக்கை குட்டை, வால் சின்னது, ரப்பர் விசையில் நிலையாகப் பறப்பதற்கு ஏற்ற உருவம் அல்ல. நிஜ விமானத்தின் வடிவத்திலேயே உள்ள சிக்கல் இது, கிட் செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாதம் கட்டியதை ஒரே வீச்சில் தரையில் குத்தவிட்டால் பொழுதுபோக்கு அத்தோடு மறுபடி பரணுக்குப் போய்விடும் என்பதுதான் என் கவலை. கட்டுகிற கை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. பறக்கவிடுகிற கண்தான் மறந்துபோகிறது. விமானம் மூக்கைத் தூக்கினால் என்ன செய்ய வேண்டும், இடது பக்கம் சரிந்தால் எங்கே வளைக்க வேண்டும் என்பதெல்லாம் மறுபடி நூறு தடவை வீசிப் பார்த்துத்தான் வரும். நூறு தடவை வீச, உடைந்தாலும் மனசு உடையாத ஒரு விமானம் வேண்டும்.

டெல்டா டார்ட்டை வடிவமைத்தவர் ஃபிராங்க் எஹ்லிங், அமெரிக்க மாடல் விமானச் சங்கமான ஏ.எம்.ஏ.-வில் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர். பள்ளிப் பிள்ளைகள் ஒரே அமர்வில் கட்டி, அன்றைக்கே பறக்கவிட வேண்டும் என்பது நோக்கம். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நினைக்க நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. வழக்கமாக வரைபடத்தை மேஜையில் விரித்து, அதன் மேல் சட்டத்தைக் கட்டி, பிறகு தனியாக டிஷ்யூ தாளைப் போர்த்துவோம், கை நடுங்குவதும் தாள் சுருங்குவதும் அந்தக் கட்டத்தில்தான். இதில் வரைபடமே டிஷ்யூ தாளில்தான் அச்சாகியிருக்கிறது. குச்சியை அளவுக்கு வெட்டி அந்தக் கோட்டின் மேலேயே ஒட்டுகிறோம், காய்ந்ததும் ஓரத்தைச் சுற்றி பிளேடால் வெட்டினால் தாள் போர்த்திய இறக்கை தயார். கஷ்டமான வேலையைச் சுலபமாக்க முயலாமல், அந்த வேலையே இல்லாமல் செய்துவிட்டார் மனிதர்.

இன்று இதே வடிவத்தைப் பலர் பல பெயர்களில் கிட்டாக விற்கிறார்கள். நான் வாங்கியது இணையத்தில் விற்கும் ஒரு சின்னக் கடையிலிருந்து, 500 ரூபாய்க்குள் முடிந்தது. உள்ளே பால்சா குச்சிகள் ஒரு கட்டு, அச்சிட்ட டிஷ்யூ, மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் தாங்கியோடு புரொப்பெல்லர், பின் கொக்கிக்குக் கம்பி, ஒரு ரப்பர் வளையம், ஒரு பக்கக் குறிப்பு. குச்சிகள் நேராக இருந்தன, அச்சு தெளிவாக இருந்தது, புரொப்பெல்லர் தடையில்லாமல் சுற்றியது. ரப்பரைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அதுதான் இந்த கிட்டின் பலவீனம்.

பால்சாவை மறந்துபோனவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே கட்டில் வரும் குச்சிகள் எல்லாம் ஒரே மரம் போலத் தெரியும், ஆனால் எடை பாதிக்குப் பாதி வித்தியாசப்படும். கன மீட்டருக்கு 100 கிலோவிலிருந்து 200 கிலோவுக்கு மேல் வரை பால்சா கிடைக்கிறது, தேக்கு 650 கிலோ அளவில் வரும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால் ஒட்ட உட்காரும் முன் குச்சிகளை ஒவ்வொன்றாக விரலில் வைத்து லேசாக வளைத்துப் பார்த்து, விறைப்பானதை இறக்கையின் முன் விளிம்புக்கும், லேசானதை வாலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் பல கிராம் களிமண் ஒட்ட வேண்டிவரும், இவ்வளவு சின்ன விமானத்தில் அது பெரிய தண்டனை. தகட்டுப் பால்சா தனியாக வாங்குகிறவர்கள் ஈக்வடார் மரம் என்று போட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், உலகத்துக்குப் போகும் பால்சாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. காற்றாலை இறக்கைகளுக்கு உள்ளே வைப்பதும் இதே மரம் என்பதால் 2020 வாக்கில் தேவை எகிறி, நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு விலையும் எகிறியது. ஆனைமலைப் பக்கம் சுற்றுகிற காற்றாடிகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

கட்டும் வேலை சுகமானது. தெர்மோகோல் பலகை, அதன் மேல் டிஷ்யூ ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள், குண்டூசி, புது பிளேடு, ஃபெவிக்கால், இவை போதும். ஊசியைக் குச்சிக்குள் குத்தாமல் இரண்டு பக்கமும் சாய்வாகக் குத்தி நிறுத்துங்கள், குத்தினால் குச்சி அந்த இடத்தில் பிளந்துவிடும். பசையைப் பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தால் போதும், அதிகமானால் ஈரத்தில் தாள் சுருங்கி இறக்கை முறுக்கிக்கொள்ளும். உடனே ஒட்டும் பசையை இங்கே பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வேன். அது டிஷ்யூவில் பரவி அந்த இடத்தைக் கண்ணாடி போல விறைக்கவைத்துவிடும், அப்புறம் அங்கேதான் கிழியும். இரண்டு பக்க இறக்கையையும் நடுவிலிருந்து மேலே தூக்கி வி எழுத்து போல நிறுத்தும் கோணத்தை மட்டும் அளந்து செய்யுங்கள். காற்றில் சரிந்தால் விமானம் தானாக நிமிர்வது அந்தக் கோணத்தால்தான்.

இப்போது ரப்பர். கிட்டோடு வந்தது பழைய சரக்கு, இழுத்தால் ஓரத்தில் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தது, முறுக்கும்போதே அறுந்துவிட்டது. வெயிலும் சூடும் ரப்பருக்கு எமன், நம் ஊர் கோடையில் கூரியர் வண்டியில் கிடந்து வந்தால் இன்னும் மோசம். அதற்குப் பதிலாக மளிகைக் கடை ரப்பர் பேண்டுகளைக் கோர்த்துப் போடலாம் என்று தோன்றும், வேண்டாம், ஒவ்வொரு முடிச்சும் புரொப்பெல்லரை உதற வைக்கும். மாடல் விமானத்துக்கென்றே செய்த டேன் சூப்பர் ஸ்போர்ட் ரப்பர் பட்டையை எப்படியாவது வரவழைத்துவிடுங்கள், எட்டில் ஒரு அங்குல அகலம் இந்த விமானத்துக்குச் சரியாக இருக்கும். ஒரு டப்பா வாங்கினால் வருடக்கணக்கில் வரும், இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் இடத்தில் காற்றுப் புகாமல் வையுங்கள். வளையத்தை இரண்டு கொக்கிகளுக்கும் இடையில் உள்ள தூரத்தைவிட நீளமாகக் கட்டி, சிலிக்கான் எண்ணெயை விரலில் தொட்டுத் தடவுங்கள், இழைகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்க. புரொப்பெல்லரை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தால் ரப்பரின் பலத்தில் பாதிகூட வராது. ஒரு சின்னக் கைத் துரப்பணத்தின் வாயில் கம்பிக் கொக்கி மாட்டி, ரப்பரை மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கி, சுற்றச் சுற்ற மெதுவாக விமானத்தை நோக்கி நகர்ந்து வந்தால் அதே வளையம் பல மடங்கு சுற்றுகளைத் தாங்கும். பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுக்கு, "அப்பா, போதும்பா, அறுந்துரும்" என்று அவள் சொல்லும் இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

பறக்கவிடுவதுதான் இந்த கிட்டின் உயிர். முதலில் ரப்பரை முறுக்காமல் தோள் உயரத்திலிருந்து சமமாகத் தள்ளிவிடுங்கள், வீசக் கூடாது. மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்து, மறுபடி தூக்கினால் மூக்கில் கொஞ்சம் களிமண். நேராகத் தரையைப் பார்த்துப் போனால் வாலின் பின் விளிம்பை வாய்க்காற்றால் ஊதிச் சூடாக்கி ஒரு மயிரிழை மேலே வளையுங்கள். இந்தச் சின்னக் கோணத்தின் கதை பெரியது. 1871-இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர், இதே மாதிரி ஒரு குச்சி, முறுக்கிய ரப்பர், வி வடிவ இறக்கை, சற்று மாற்றுக் கோணத்தில் வைத்த வால் என்று ஒரு விமானம் செய்து, 11 விநாடியில் 40 மீட்டர் தானாகவே நிலையாகப் பறக்கவைத்துக் காட்டினார். அவருடைய யோசனையில் செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையைத்தான் 1878-இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்களுடைய அப்பா வாங்கிவந்தார். நீங்கள் மைதானத்தில் குனிந்து வாலை வளைக்கும்போது செய்வது அதே வேலை.

முறுக்காமல் விடும்போது சீராக மிதந்து இறங்கும் இந்தச் சறுக்கல் சரியானதும், ரப்பரைக் கொஞ்சமாக முறுக்கிப் பாருங்கள். முறுக்கு இறுக்கமாக இருக்கும் முதல் சில விநாடிகளில் புரொப்பெல்லரின் எதிர்விசை விமானத்தை இடது பக்கம் சாய்க்கும், அதைத் தடுக்க முயலாமல் இடது வட்டத்திலேயே ஏறவிடுவது நல்லது. ரப்பரின் பலத்தில் மட்டும் மூக்கு தூக்கினால் களிமண்ணைத் தொடாதீர்கள், மூக்குத் தாங்கியைக் கீழ் நோக்கிக் கொஞ்சம் சாய்த்தால் போதும். களிமண் சேர்த்தால் சறுக்கல் கெட்டுவிடும், நிறைய பேர் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்தில்தான். எல்லாம் அமைந்த காலையில், நல்ல ரப்பரோடு, இது பனைமர உயரம் ஏறி, ரப்பர் தீர்ந்ததும் வட்டமடித்தபடி மெதுவாக இறங்கும். அரை நிமிடம் சாதாரணமாக வரும், பொறுமையாகத் திருத்தினால் அதற்கு மேலும். உள்ளரங்கப் போட்டிகளில் ஒன்றரை கிராம்கூட இல்லாத விமானங்கள் வெறும் ரப்பரில் அரை மணி நேரத்துக்கு மேல் பறக்கின்றன என்பதை நினைத்தால், இந்த ஒரு வளையத்துக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

காற்று மட்டும் இதற்கு ஆகாது. கோவையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் இருபது கிராம்கூட இல்லாத பொருள் என்ன ஆகும்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே எடுக்காதீர்கள். தெரிந்தவர்களின் கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாத நாளில் கிடைத்தால், மின்விசிறிகளை நிறுத்திவிட்டுக் குறைந்த முறுக்கில் உள்ளேயே விடலாம், அது தனி ஆனந்தம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் வரும் நேரத்துக்குப் பள்ளி மைதானம்தான் சரியான இடம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குறிப்புத் தாளில் கட்டுவது எப்படி என்று இருக்கிறது, திருத்துவது எப்படி என்று இரண்டு வரிதான், புதிதாக வருகிற ஒரு பிள்ளைக்கு அது போதாது. டிஷ்யூ ஈரத்தில் தளர்கிறது, பனி இறங்கிய புல்லில் விழுந்தால் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த தடவை. ரேடியோ கண்ட்ரோல் பழகியவர்களுக்கு, கையை விட்டுப் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாத விமானம் பிடிக்காமல் போகலாம். என்னைக் கேட்டால் இதன் சுவையே அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துச் சரிசெய்து வைத்துவிட்டு, விட்டுவிட வேண்டும்.

வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குங்கள், ஒன்று மரத்தில் மாட்டும். ரப்பரையும் அதே நாளில் தனியாக ஆர்டர் போட்டுவிடுங்கள், அது வந்து சேரத்தான் நாளாகும்.