காரைக்குடியில் பார்க்கின்சன் நடைப் பயிற்சி: எங்கள் அப்பச்சி போகும் பிசியோதெரபி சென்டர்

பார்க்கின்சன் வந்தவர்களுக்கு நடை சொல்லித்தரத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் நம்ம பக்கம் கிடைப்பாரா, இல்லை மதுரைக்கே அலைய வேண்டுமா என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். காரைக்குடியிலேயே கிடைக்கிறார். நாங்கள் அப்பச்சியை (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிப் போவது சின்ன இடம்தான். இரண்டு அறை, பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பி, ஒரு டிரெட்மில், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு இந்த நோயைப் பற்றித் தெரிகிறது.

இதற்கு முன்னால் வேறு ஓர் இடத்தில் காட்டினோம். காலுக்குக் கரண்ட் வைப்பார்கள், சூடு கொடுப்பார்கள், முட்டியை மடக்கி நீட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். முட்டிவலிக்காரருக்கும் அதுதான், அப்பச்சிக்கும் அதுதான். பார்க்கின்சனில் நடை கெடுவதற்கு முக்கியக் காரணம் காலில் இல்லை. மூளைக்குள் அசைவுகளுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகள் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. கை வீச்சு நிற்கிறது, அடி சின்னதாகிறது, பாதம் தரையைத் தேய்க்கிறது, உடம்பு முன்னால் சாய்ந்து நடை தானாக ஓட்டமாகிறது. 1817-இல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதியபோதே இந்தச் சாய்வையும் ஓட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறார். சில நேரம் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல அப்படியே நின்றுவிடும், மேல் உடம்பு மட்டும் முன்னால் போகும், அங்கேதான் விழுகிறார்கள்.

இந்த அம்மா முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே "மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க ஐயா?" என்பதுதான். லெவோடோபா, அதாவது உடம்புக்குள் போய் டோபமைனாக மாறுகிற இந்த நோயின் மருந்து, வேலை செய்கிற நேரத்தில் நடக்கிற ஆள் வேறு, அது இறங்கிய பிறகு நடக்கிற ஆள் வேறு. அதனால் மாத்திரை பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் பயிற்சி நேரத்தையே குறித்தார். அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நொடிக் கணக்கைக் குறித்துக்கொண்டார். படுத்து எழுந்ததும் பிரஷர் இறங்குகிறதா என்றும் பார்த்தார், இந்த நோயில் அது சகஜமாம், தலைசுற்றி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயிற்சி என்று பார்த்தால் எல்லாமே பெரிதாகச் செய்வதுதான். "பெரிய அடி ஐயா, இன்னும் பெருசா, குதிகால் முதல்ல தரையில படணும்" என்று சொல்லிக்கொண்டே கூட நடப்பார். அப்பச்சிக்குத் தாம் அளவுக்கு மீறி எட்டி வைப்பதாகத் தோன்றும், கண்ணாடியில் பார்த்தால் சாதாரண அடியாகத்தான் இருக்கும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாகச் சுற்றி வரச் சொல்கிறார். போனில் டிக் டிக் என்று தாளம் தட்டும் ஆப் ஒன்றை வைத்து, அதற்குத் தகுந்தபடி கால் வைக்கப் பழக்கினார். அப்பச்சி வாலிபத்தில் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்குப் பாதயாத்திரை போனவர். அந்த டிக் டிக் அவருக்குப் பிடிக்கவில்லை என்றதும், "சரி, அப்ப 'வேல், வேல்'னு சொல்லிட்டே வைங்க" என்றார் அந்த அம்மா. ஒரு வேலுக்கு ஓர் அடி. அதற்கப்புறம் அவருடைய தாளம் அவர் வாயிலேயே இருக்கிறது, கரண்ட் போனாலும் போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

ஆனால் நான் இந்த இடத்தைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அவர் வீட்டுக்கு வந்து பார்த்தது. நம்ம செட்டிநாட்டு வீடுகள்தான் தெரியுமே, முகப்பு தாண்டினால் ஒரு நிலை (வாசல்கால்), வளவுக்கு (நடுமுற்றம் உள்ள பகுதி) ஒரு நிலை, இரண்டாம் கட்டுக்கு ஒரு நிலை, எல்லாவற்றுக்கும் தாண்டுகிற உயரத்தில் படி. இந்த நோய்க்காரர்களுக்குக் கால் நின்றுபோவதே பெரும்பாலும் வாசலிலும் இடுக்கான இடத்திலும் திரும்புகிற இடத்திலும்தான். சென்டரில் வழுவழு தரையில் நன்றாக நடந்த அப்பச்சி, வளவு வாசலில் வந்து நின்றுவிடுவார். அந்த அம்மா ஓரமாக நின்று அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் (ஆத்தங்குடியில் கையால் செய்கிற டைல்ஸ்) அவர் கண் எங்கே பதிவது என்று தெரியாமல் அலைகிறது, நிலை நெருங்க நெருங்க அடி குறுகுகிறது என்று காட்டினார். பிறகு நிலைக்கு இரண்டு பக்கமும், நடக்கிற திசைக்குக் குறுக்காக, மஞ்சள் டேப்பைக் கோடு கோடாக ஒட்டச் சொன்னார். எங்கள் வீட்டுக் கல் பத்து அங்குலம், இரண்டு கல்லுக்கு ஒரு கோடு. கோட்டைத் தாண்டி கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஐயா (தாத்தா) காலத்துக் கல்லில் டேப் ஒட்டுவதா என்று எங்கள் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) மனசே இல்லை, பசை தங்காத டேப்பாக வாங்கிவந்த பிறகுதான் சம்மதித்தார். இப்போது அப்பச்சி அந்த நிலையைக் கோடு பார்த்துத் தாண்டிவிடுகிறார். தானாக வராத அசைவை, கண்ணால் ஒரு குறியைப் பார்த்துச் செய்தால் மூளை வேறு வழியாக எடுத்துக்கொள்கிறது என்று விளக்கினார்.

கல் பளபளக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடப்பது, நடந்துகொண்டே போன் பேசுவது இரண்டும் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. கால் நின்றுபோனால் யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் கால் அங்கேயே இருக்க உடம்புதான் வரும். நின்றுவிட வேண்டும், நிமிர வேண்டும், உடம்பின் எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றி ஆட வேண்டும், பிறகு ஒரு பெரிய அடி. இதை வீட்டில் வேலை செய்கிறவர் உட்பட எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். சக்கரம் இல்லாத நாலு கால் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கப் போனால் நடை துண்டு துண்டாகி இன்னும் நின்றுபோகும் என்று அதை ஓரம் வைக்கச் சொன்னதும் அவர்தான். கடையில் கொடுப்பதை வாங்கிவராமல், முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதனால் நோய் குணமாகாது, அவரும் அப்படிச் சொல்லவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகளையும் அதிலிருந்த 1,827 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, பிசியோதெரபியால் நடை வேகமும் சமநிலையும் குறுகிய காலத்துக்கு மேம்படுவதுதான் தெரிந்தது. விட்டால் போய்விடும், அதனால் வீட்டில் தினமும் செய்தாக வேண்டும். ஊரில் யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொல்வார்கள். அதிலேயே லெவோடோபா இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு கூடிவிடும், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

குறைகளும் இருக்கின்றன. வாசலில் நாலு படி, கைப்பிடி கிடையாது, நடக்க முடியாதவர்கள் வருகிற இடத்தில் இது சரியே இல்லை, நான் நேரிலும் சொல்லிவிட்டேன். காலையில் முட்டிவலிக்காரர்கள் கூட்டம் அதிகம், சொன்ன நேரத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், காத்திருக்கையில் மாத்திரை இறங்கிவிட்டால் அன்றைய பயிற்சியே வீண். அந்த அம்மா லீவு போட்டால் வருகிற பையனுக்குப் பொறுமை போதாது. ஒரு தடவைக்கு 400 ரூபாய், வீட்டுக்கு வந்தால் 600. கூட்டம் குறைவாக இருப்பது மதியம் மூன்று மணிக்கு மேல். போகும்போது மாத்திரைச் சீட்டையும், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதிய தாளையும், அப்பச்சி மாதிரி செருப்புத் தேய்த்து நடக்கிறவர் என்றால் பின்பக்கம் வார் வைத்த செருப்பையும் கொண்டு போங்கள், ரப்பர் செருப்போடு அவர் கம்பிக்குள் விட மாட்டார்.