மாங்கனீசா, கோபால்ட்டா? காந்தப் படலங்களில் எதை நம்பலாம்

குறைக்கடத்தியாகவும் காந்தமாகவும் இருக்கும் மென்படலம் வேண்டும் என்று தேடியவர்கள் அதிகம் மல்லுக்கட்டியது இரண்டோடு: காலியம் ஆர்சனைடில் மாங்கனீசு, துத்தநாக ஆக்சைடில் கோபால்ட்.

முதலாவதின் குறை ஊரறிந்தது. கடுங்குளிர் வேண்டும். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிதேயோ ஓனோவின் குழு 1990களில் வளர்த்த படலங்கள், 110 கெல்வினைத் தாண்டினால் (மைனஸ் 163 டிகிரி செல்சியஸ்) காந்தத்தன்மையை இழந்துவிடும். வளர்ந்த படலத்தை 200 டிகிரி செல்சியஸ் அளவில் நெடுநேரம் சூடாக்கிப் பதப்படுத்தியதில் 170 கெல்வின் வரை ஏறியது. அறை வெப்பநிலைக்கு அது போதாது.

ஆனால் காந்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் இங்கே குழப்பம் குறைவு. காலியத்தின் இடத்தில் உட்காரும் மாங்கனீசு தன் காந்தத்தோடு ஒரு துளையையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்; நேர்மின்னூட்டம் போல நகரும்) கொண்டுவருகிறது. அந்தத் துளைகள்தான் விலகி நிற்கும் மாங்கனீசு அணுக்களை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. படிகத்தின் இடுக்கில் சிக்கிய மாங்கனீசோ துளைகளைத் தின்றுவிடும். சூடாக்கும்போது அது மேற்பரப்புக்கு நகர்ந்துவிடுகிறது, அதனால்தான் அந்த ஏற்றம். இதன் நெருங்கிய உறவான இண்டியம் மாங்கனீசு ஆர்சனைடில், மின்னழுத்தத்தால் துளைகளைக் கூட்டிக் குறைத்து, காந்தத்தையே வரவழைத்தும் போக்கியும் ஓனோ குழு 2000இல் காட்டியது. எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

சரி, துத்தநாக ஆக்சைடு? அதே 2000இல் போலந்து இயற்பியலாளர் தோமாஷ் டீட்லும் கூட்டாளிகளும் போட்ட கணக்கு, 5 சதவீத மாங்கனீசும் ஏராளமான துளைகளும் இருந்தால் இதன் காந்தம் அறை வெப்பநிலையைத் தாண்டியும் நிற்கும் என்றது. துத்தநாக ஆக்சைடில் இயல்பாகக் கிடைப்பது எலக்ட்ரான். துளை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் மாங்கனீசு, கோபால்ட் என்று கைக்குக் கிடைத்த உலோகத்தையெல்லாம் கலந்து பார்த்தார்கள். அறை வெப்பநிலையில் காந்தம் என்ற அறிவிப்புகள் 2001 முதல் குவிந்தன. ஓர் ஆய்வகத்தில் வந்த காந்தம் இன்னோர் ஆய்வகத்தில் வரவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கோபால்ட் தனி உலோகமாகவே 1,100 டிகிரி செல்சியஸ் வரை காந்தம். அணுக்கள் பரவாமல் நானோ அளவில் திரண்டுவிட்டாலே கருவி காந்தத்தைக் காட்டும். ஆக்சைடுப் படலங்களின் சமிக்ஞை அவ்வளவு சிறியது, துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் படலத்தைப் பிடித்தாலே அதுபோன்ற காந்தம் ஒட்டிக்கொள்ளும் என்று ஹாஃப்னியம் ஆக்சைடில் 2005இல் காட்டினார்கள்.

அதனால் என் ஓட்டு குளிரில் வேலை செய்யும் மாங்கனீசுக்கே. ஆக்சைடுப் படலம் காந்தம் என்று யாராவது சொன்னால், முரண் ஹால் விளைவு (படலத்தின் காந்தத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம்) தெரிகிறதா என்று கேட்பது வழக்கம். அதுவும் போதாது: கோபால்ட் கலந்த டைட்டானியம் ஆக்சைடில் உலோகத் திரள்கள் இருந்தபோதும் அந்த விளைவு வந்திருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் திரள்கள் இல்லை என்று முதலில் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.