பழைய பந்தயப் படகு வாங்க: ஜே/109, எக்ஸ்-332, ஃபர்ஸ்ட் 40.7

சனிக்கிழமை பந்தயத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உலாப் போகவும் ஒரே பாய்மரப் படகு வேண்டும் என்று இங்கிலாந்தின் தென்கரையில், சோலெண்ட் நீரிணைப் பக்கம் தேடுபவர்களிடம் மூன்று பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்து நிற்கின்றன. அமெரிக்க ஜான்ஸ்டோன் குடும்பம் வரைந்து, ஐரோப்பியச் சந்தைக்காகப் பிரான்சில் கட்டப்பட்ட ஜே/109. டென்மார்க்கின் ஹாடர்ஸ்லெவ் ஊரில் பிறந்த எக்ஸ்-332. புரூஸ் ஃபார் வரைந்து பிரெஞ்சு நிறுவனமான பெனெட்டோ கட்டிய ஃபர்ஸ்ட் 40.7. கடைசிப் படகு சுமார் 12 மீட்டர் நீளம். எக்ஸ் 10 மீட்டர். ஜே இரண்டுக்கும் நடுவில். விலைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இருபது வயதைத் தொட்டவை அல்லது தாண்டியவை.

எது வேகமானது என்ற கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இங்கே பந்தயங்கள் பெரும்பாலும் ஐஆர்சி என்ற சமன்செய்யும் முறையில் நடக்கின்றன. ஒவ்வொரு படகுக்கும் அதன் வேகத்திறனை ஒட்டி ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை அதால் பெருக்கித்தான் முடிவு அறிவிப்பார்கள். 1.035 எண்ணுள்ள படகு ஐந்து மணி நேரத்தில் முடித்தால், 0.985 எண்ணுள்ள படகு சுமார் 15 நிமிடம் பின்தங்கி வந்தாலும் சமம். நீளத்துக்குப் பணம் கொடுத்துக் கோப்பை வாங்க முடியாது. எனவே நான் பார்ப்பது இரண்டைத்தான்: அடியில் தொங்கும் கீல் உடலோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, பந்தயத்தன்று எத்தனை பேர் வருவார்கள்.

கீல் என்பது ஒன்றரை முதல் மூன்று டன் வரை எடை. அதை ஃபைபர்கிளாஸ் உடலில் போல்ட்டுகளால் பிணைத்து, படகு சாயும்போதும் தரை தட்டும்போதும் வரும் விசையைப் பரப்பிவிட வேண்டும். டென்மார்க்காரர்கள் இதற்கு எஃகையே நம்பினார்கள். எக்ஸ்-332 படகில் தரைப்பலகையைத் தூக்கினால் துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டம் கண்ணில் படும். கீலின் எடையும் பாய்மரக் கம்பிகளின் இழுப்பும் அதில்தான் இறங்குகின்றன. முரட்டுத்தனமான, நேர்மையான தீர்வு. கெடுதி வந்தால் ஒளிக்காமல் காட்டிவிடும் என்பதே அதன் பெரிய நற்குணம். உப்புநீர் தேங்கும் மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பழுப்பு படிந்திருந்தால் பயமில்லை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டும்போது துரு ஏடு ஏடாகப் பெயர்ந்தால், பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெனெட்டோவின் வழி வேறு. அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் கட்டமைப்பை உடலின் உட்புறத்தில் பசையால் ஒட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கில் படகு கட்டுபவர்களுக்குச் செலவு குறைவான, பொருத்தமான முறை. ஒழுங்காக வைத்திருந்தால் குறையில்லை. ஆனால் ஒட்டு விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். 2014 மே மாதம், ஆண்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற ஃபர்ஸ்ட் 40.7 அட்லாண்டிக் நடுவே கீலை இழந்து கவிழ்ந்தது, நால்வரும் இறந்தனர். பிழைத்தவர் எவரும் இல்லாததால் காரணத்தை அறுதியிட முடியவில்லை என்றாலும், முன்பு தரை தட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்புகளும் கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு எழுதியது. இதற்காக 40.7 வகையையே தள்ளிவைக்க வேண்டியதில்லை. எத்தனையோ படகுகள் இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் எப்போது, எங்கே தரை தட்டியது, யார் பழுதுபார்த்தார் என்பதை எழுத்தில் கேளுங்கள். கிரேனில் தூக்கிக் கட்டைமேல் இறக்கும்போது கீலின் பின்முனைக்கு நேர் மேலே, படகின் உள்ளே ஒருவரை உட்கார வையுங்கள். எடை மாறும்போது அந்த இடம் அசைந்தால் காகிதங்கள் என்ன சொன்னாலும் வேண்டாம்.

ஜே/109 படகின் பலவீனம் கீலில் இல்லை, உடலின் நடுவில். இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு இடையே எடை மிகக் குறைந்த பால்சா மரம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஏறத்தாழ ஐந்து டன்னுக்குள் எடை அடங்கி, இவ்வளவு விறைப்பாகவும் இருக்கிறது. யாரோ அலட்சியமாகத் திருகிய ஓர் ஆணித்துளை வழியே நீர் புகுந்தால் பால்சா ஊறி மக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தை, முக்கியமாகக் கைப்பிடிக் கம்பங்களின் அடியைச் சுற்றி, தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’ என்பது ‘தொப்’ ஆகும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் பெருகினால், படகைச் சோதிக்கும் சர்வேயரின் ஈரமானி மிச்சத்தைச் சொல்லும்.

ஆள் கணக்குக்கு வருவோம். 40.7 படகின் முன்பாய் மிகப் பெரியது. திசை திருப்பும் ஒவ்வொரு முறையும் அதை இழுத்துக் கட்ட வலுவான கைகள் வேண்டும். முழுப் பந்தயத்துக்கு எட்டுப் பேருக்குக் குறைந்தால் திண்டாட்டம். மழை பெய்யும் அக்டோபர் காலையில் எட்டுப் பேரை எழுப்பிக் கூட்டிவருவது படகோட்டுவதைவிடக் கடினமான கலை. எக்ஸ்-332 ஆறு பேரோடு ஓடும். ஆனால் பின்காற்றில் விரிக்கும் பெரிய பாயான ஸ்பின்னேக்கர் இதில் கழியில் கட்டும் பழைய பாணி என்பதால் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வேலை தெரிந்த ஒருவர் கட்டாயம். ஜே/109 அணியத்திலிருந்து நீளும் கார்பன் கழியில் சமச்சீரற்ற ஸ்பின்னேக்கரைக் கட்டுகிறது. இரண்டே பேர் சமாளிக்கலாம். ஃபாஸ்ட்நெட் என்ற நெடுந்தூரக் கடற்பந்தயத்தில் 2013-இல் இருவர் மட்டுமே ஓட்டிய ஜேபிகே 10.10 படகு ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. இருவர் பிரிவுக்கு அதன் பிறகு மவுசு கூடியது. ஜே விலை எளிதில் இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

குடும்ப வசதியில் 40.7 முந்துகிறது, கொடுத்த காசுக்குக் கிடைக்கும் இடம் நிறைய. மரவேலையில் எக்ஸ் அழகி. விற்பவரின் விளம்பரத்தில் உள்ள பதினான்கு பாய்களை மட்டும் நம்பாதீர்கள். பாதி பூஞ்சை பிடித்தவை, மீதி படலம் பிரிந்தவை. புதுப் பாய்களின் விலையைச் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

என் தேர்வு ஜே/109, சுத்தியல் சம்மதித்தால். இல்லையேல் துரு இல்லாத எக்ஸ். எட்டு நண்பர்கள் நிச்சயம் என்பவருக்கே 40.7.

பிரான்சில் கிடக்கும் படகு மலிவாகத் தெரிந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தால் பொதுவாக 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விழும். அந்த வரி ஏற்கெனவே கட்டியாயிற்று என்று விற்பவர் சொன்னால், ரசீதைப் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.