வேலை இல்லாத நாட்களில் கற்க: பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா?

சம்பளம் நின்றுபோன மாதங்களில், கணினி நிரல் எழுத உதவும் இந்த இரண்டு மொழிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பைத்தானில் தங்கிவிட்டவன் நான். எனவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் இலவசம். இரண்டுக்கும் தமிழிலேயே யூடியூப் பாடங்கள் கிடைக்கின்றன. பைத்தான் 1991இலும் ஜாவாஸ்கிரிப்ட் 1995இலும் வந்தவை; நாளைக்கே வழக்கொழிந்துவிடுமோ என்ற பயம் எதற்கும் தேவையில்லை.

தொடங்குவதில் ஜாவாஸ்கிரிப்டை அடித்துக்கொள்ள முடியாது. குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, கட்டளைகளைத் தட்டும் 'கன்சோல்' பகுதிக்குப் போனால் உடனே எழுதலாம். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது பைத்தான் இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும் 'பாத்' என்ற சின்னக் கட்டத்தில் டிக் போட மறந்தால், நிறுவிய பிறகும் 'பைத்தான் கிடைக்கவில்லை' என்று கணினி கைவிரிக்கும். முதல் நாளே மனம் விட்டுப்போக இது போதும்.

அப்படியும் நான் பைத்தான் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: நாம் செய்யும் தவறை அது சொல்லும் விதம். கல்லூரியில் படிப்பவருக்குப் பக்கத்து இருக்கையில் நண்பர் இருப்பார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரவு பதினொரு மணிக்குக் கேட்க ஆள் இல்லை. திரையில் வரும் பிழைச்செய்தியே வாத்தியார். தன் மீதே நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கும் நேரத்தில் அந்த வாத்தியார் வாயைத் திறக்காமல் இருந்தால், 'நமக்கு இது வராது' என்ற முடிவுக்கு வர அதிக நேரம் ஆகாது.

மளிகைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் என்பதை 0 என்று வைத்து, பயனர் தட்டும் விலைகளை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். தட்டி உள்ளே வருவது எண் அல்ல, எழுத்துச் சரம்; அதாவது எண்போலத் தெரியும் எழுத்துகளின் வரிசை. அதை எண்ணாக மாற்றப் புதியவர்கள் மறப்பது வழக்கம். 40, 55 என்று கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் எந்தச் சலனமும் இல்லாமல் 04055 என்று காட்டும். பைத்தான் முதல் விலையிலேயே நின்றுவிடும். எண்ணையும் சரத்தையும் கூட்ட முடியாது என்று வரி எண்ணோடு சொல்லும். பொருளின் விவரத்தில் 'விலை' என்ற பெயரைத் தப்பாக எழுதினாலும் இதே கதைதான். பைத்தான் 'கீ எரர்' (அந்தப் பெயர் இல்லை) என்று அங்கேயே மறிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் 'அன்டிஃபைன்ட்' (மதிப்பு இல்லை) என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். கடைசியில் மொத்தத்தின் இடத்தில் 'நேன்' (எண் அல்ல) வந்து நிற்கும். தப்பு எந்த வரியில் நுழைந்தது என்று நாம்தான் தேட வேண்டும்.

2021இல் வந்த பைத்தான் 3.10 இன்னும் ஒரு படி மேலே போய், மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடத்தின்) பெயரில் ஓர் எழுத்து பிசகினால் 'இதைச் சொல்ல வந்தீர்களா?' என்று சரியான பெயரை எடுத்துக் கொடுக்கிறது. பழைய பாடத்தைப் பார்த்து திரையில் காட்டச் சொல்லும் 'பிரின்ட்' கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினாலும் அடைப்புக்குறி விட்டுப்போனதைச் சொல்லிவிடும்.

பைத்தானும் உத்தமன் அல்ல. '40' என்ற சரத்தை 3 ஆல் பெருக்கினால் 404040 என்று வெட்கமே இல்லாமல் தரும். அங்கே ஜாவாஸ்கிரிப்ட் 120 என்று சரியாகச் சொல்லிவிடுகிறது. எண்ணா சரமா என்று முன்கூட்டியே சோதிக்கும் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியைச் சேர்த்தால், தவறைச் சொல்லாத ஜாவாஸ்கிரிப்டின் மௌனம் பெருமளவு கலையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் முதல் மாதத்திலேயே ஒன்றுக்கு இரண்டாகப் படிக்கச் சொல்வது நியாயமா?

வேலை வாய்ப்பைப் பற்றி நான் பேசினால் பாதிதான் நம்ப வேண்டும். எனக்குப் பழக்கம் எக்செல் கோப்புகளும் கணக்கு அறிக்கைகளும். அந்த வேலைக்குப் பைத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. இணையதளம் அமைக்கும் நிறுவனங்களின் நேர்காணல் பக்கம் நான் போனதில்லை. அந்த வேலைதான் குறி என்றால் பிரவுசருக்குள் நேரடியாக ஓடும் ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்க்கவே முடியாது. பைத்தானில் தொடங்கினாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். செய்ததை வீட்டாருக்குக் காட்ட ஆசைப்படுபவர்களுக்கும் அதுவே மேல். பட்டனை அழுத்தினால் நிறம் மாறும் ஒரு பக்கத்தை அம்மாவின் கைப்பேசியில் திறந்து காட்டலாம். என் பைத்தான் நிரலைக் காட்டியபோது, கறுப்புத் திரையில் நாலு எண்களைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தே?" என்றுதான் கேட்டார்.