தண்டர்பேர்ட்: ஜங்க் கோப்புறைக்குப் போன அரைவல் நோட்டீஸ்கள்

மண்ணடி தம்பு செட்டித் தெருவில் சுங்கக் கிளியரிங் அலுவலகம் நடத்தும் எங்களுக்கு, சரக்கு வந்து சேர்வதை அறிவித்துக் கப்பல் நிறுவனங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் அரைவல் நோட்டீஸ் ஒன்று கண்ணில் படாமல் போனாலும் நட்டம்தான்; இலவச நாட்கள் கழிந்தபின் கிடங்கில் நிற்கும் கண்டெய்னருக்கு நாள்தோறும் கட்டணம் ஏறும். ஆகவே தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை மதிப்பிடும்போது, அதன் நாட்காட்டியையும் தோற்றத்தையும் விட, வேண்டாத அஞ்சலை அது எவ்வாறு பிரிக்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

2004 டிசம்பரில் 1.0 பதிப்பு வெளியான இந்த இலவச, திறமூல மென்பொருளைப் பல ஆண்டுகளாக நிறைவோடு பயன்படுத்தி வருகிறோம். அண்மையில் இரண்டு கப்பல் நிறுவனங்களின் அஞ்சல்கள் மட்டும் தொடர்ந்து, வேண்டாத அஞ்சலுக்கான ஜங்க் கோப்புறையில் விழத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் 'ஜங்க் அல்ல' என்று அழுத்தினோம். மறுநாள் வந்த நோட்டீஸும் அங்கேயே கிடந்தது. நாம் அழுத்துவதைக் கொண்டு சொற்களின் நிகழ்தகவைக் கற்றுக்கொள்ளும், தண்டர்பேர்டின் பேய்சியன் வடிகட்டி பழுதாகிவிட்டது என்றே முதலில் எண்ணினேன்.

அந்த எண்ணம் தவறு. அஞ்சலைத் திறந்து கன்ட்ரோல், யூ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதன் மூலவடிவம் முழுவதும் தெரியும். அதில் எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் என்ற வரியில் 'யெஸ்' என்றும், பெற்ற மதிப்பெண் 3.4, வரம்பு 3.0 என்றும் எழுதப்பட்டிருந்தது. இது, அஞ்சல் நம்மிடம் வருமுன்பே சேவை நிறுவனத்தின் சர்வரில் இயங்கும் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி எழுதிய வரி; மதிப்பெண் வரம்பைத் தொட்டால் அஞ்சல் வேண்டாதது என்று அது தீர்ப்பிடும். அதன் இயல்பான வரம்பு 5.0, எங்கள் மின்னஞ்சல் சேவை நிறுவனம் எங்களிடம் சொல்லாமலேயே அதைக் குறைத்திருந்தது. அதே வரியில், எந்தெந்த விதிகளால் மதிப்பெண் ஏறியது என்ற பட்டியலும் இருந்தது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்துகளில் இருந்தது ஒன்று, சாதாரண உரை வடிவம் இல்லாமல் எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவம் மட்டும் இருந்தது இன்னொன்று. கப்பல் அலுவலகங்கள் எப்போதும் அப்படித்தான் அனுப்புகின்றன.

தண்டர்பேர்டின் கணக்கு அமைப்புகளில், ஜங்க் பகுதியில், ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டிகள் இட்ட, எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் போன்ற தலைப்புவரிகளை நம்பலாமா என்று கேட்கும் ஒரு பெட்டி உண்டு. கணக்கை நிறுவிய நாளில் நாங்களே அதைத் தேர்ந்தெடுத்திருந்தோம். அது தேர்வில் இருந்தால் சர்வரின் தீர்ப்பே முதலில் ஏற்கப்படுகிறது. நாம் கற்பித்த பாடத்திற்கு அங்கே வேலையில்லை. மென்பொருள் சொன்னபடியே நடந்திருக்கிறது. ஆயினும், ஓர் அஞ்சல் எதனால் ஜங்க் ஆனது என்ற குறிப்பு மூலவடிவத்தைத் தேடாமல் திரையிலேயே தெரிந்தால், கணினி நுட்பம் அறியாத எங்கள் எழுத்தர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இந்த வசதியில் இன்னொரு நுட்பமும் கவனத்திற்குரியது. தலைப்புவரி என்பது வெறும் எழுத்துதான். அனுப்புபவரும் அந்த வரியில், வேண்டாத அஞ்சல் அல்ல என்று பொருள்படும் 'நோ' என்பதை எழுதி அனுப்ப முடியும். ஸ்பேம்அசாசின் இயங்கும் சர்வர், வெளியிலிருந்து வரும் அத்தகைய வரிகளை நீக்கிவிட்டுத் தன்னுடையதை எழுதும். அது இயங்காத சர்வரில் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது, முன்பின் தெரியாதவரின் சொல்லை நம்புவதற்கு ஒப்பாகும்.

சேவை நிறுவனம் வரம்பை 5.0க்குத் திருப்பிய பிறகும் நாங்கள் அந்தப் பெட்டியின் தேர்வை நீக்கிக் காலியாகவே வைத்திருக்கிறோம். பேய்சியன் வடிகட்டி இப்போது நாங்கள் கற்பிப்பதைக் கேட்கிறது. புதிய கப்பல் நிறுவனத்திடமிருந்து வரும் முதல் அஞ்சலின் மூலவடிவத்தை மட்டும் நான் தவறாமல் படித்துவிடுகிறேன்.