சிங்கப்பூரில் கப்பலேறி மூன்று, நான்கு இரவு: முதல்முறை போகும் குடும்பத்துக்கு ராயல் கரீபியன் கட்டுப்படியாகுமா?

சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பலேறி, பினாங்கையோ புக்கெட்டையோ தொட்டுவிட்டுத் திரும்பும் பயணம் இது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் போகும் குடும்பத்துக்கு ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியின் குறும்பயணம் நல்ல பேரம்தான். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையை நம்பிக் கணக்குப் போட்டால் பட்ஜெட் கிழிந்துவிடும். கப்பல்காரர் ஏமாற்றுவதில்லை. எந்தெந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது முதல்முறை போகிறவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் கட்டணக் கணக்கு. காட்டும் விலை ஒரு அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பயணக் கட்டணம் குறையும். சில சலுகைகளில் இல்லாமலே போகும். ஆனால் துறைமுக வரியும் டிப்ஸும் நான்கு பேருக்கும் முழுதாக உண்டு. 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்ற சலுகைக்கு இதுதான் பொருள். டிப்ஸ் நாம் மனமுவந்து கொடுப்பது அல்ல. தினமும் கணக்கில் தானாக ஏறும். 2025 நிலவரப்படி சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளுக்கு 18.50 அமெரிக்க டாலர், குழந்தைக்கும் அதே தொகை. நான்கு பேர், மூன்று இரவு என்றால் 222 டாலர். நான்கு இரவு என்றால் 296. முன்பதிவின்போதே இதைக் கட்டிவிடுவது நல்லது. கடைசி நாள் பில்லில் பார்க்கும்போது அதிர்ச்சி இருக்காது.

அடுத்தது அறை. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஜன்னலில்லாத உள்ளறை ஏறத்தாழ 165 சதுர அடி. பலவற்றில் சுவரில் பெரிய திரை வைத்து வெளியே உள்ள கடலை நேரலையாகக் காட்டுவார்கள்; பால்கனி மாதிரியே கைப்பிடிக் கம்பிகூடத் திரையில் தெரியும். மூன்று இரவுக்கு அது போதும். நான்கு பேர் அறையில் இரவானதும் அறைப் பணியாளர் மேலே மடித்து வைத்திருக்கும் படுக்கைகளை இறக்கி ஏணி சாத்திவிடுவார். அதற்குப் பிறகு ஒருவர் நடந்தால் இன்னொருவர் கட்டிலில் ஏறி வழிவிட வேண்டும். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை மேல் படுக்கையில் விடாதீர்கள். இந்த இடம் போதாது என்று தோன்றினால் அடுத்தடுத்த இரண்டு உள்ளறைகளின் விலையையும் ஒரு பால்கனி அறையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல தேதிகளில் வித்தியாசம் அதிகமில்லை; இரண்டு கழிவறையும் கிடைக்கும்.

கழிவறையில் கை பைப் கிடையாது. காகிதம் மட்டும்தான். ஒரு சின்ன மக்கோ, அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் பயண பாட்டிலோ பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போகும்போது இதைவிட முக்கியமான சாமான் வேறில்லை.

மலிவான 'கேரண்டி' அறை என்று ஒன்று விற்பார்கள். அறை வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்க, எந்த அறை என்பதைக் கம்பெனி பிறகு ஒதுக்கும். ஒரே அறையில் அடங்கும் குடும்பத்துக்கு இது லாபம். இரண்டு அறை எடுப்பவர்கள் வாங்கவே கூடாது. ஒன்று முன்கோடியிலும் மற்றது பின்கோடியிலும் விழலாம். அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுப்பதானால் தள வரைபடத்தைத் திறந்து, மேலேயும் கீழேயும் வேறு அறைகளே இருக்கும் இடமாகப் பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். அரங்குக்கு மேலே நள்ளிரவு வரை டமடம. தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள்; ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் அதுதான்.

எப்போது போவது? ஒரே கப்பல் ஆண்டு முழுக்கச் சிங்கப்பூரில் நிற்பதில்லை. பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் விடுமுறையை முடிவு செய்வதற்கு முன் கப்பல் தேதிகளைப் பாருங்கள். விலையைத் தீர்மானிப்பது நம்மூர்ப் பள்ளி விடுமுறை அல்ல, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் இறுதி வரையும் விலை எகிறும். நம் அரையாண்டு விடுமுறை சரியாக அதில் போய் மாட்டுகிறது. பொங்கல் விடுமுறைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே பள்ளிகள் அப்போதுதான் திறந்திருக்கும், சீனப் புத்தாண்டும் வந்திருக்காது. ஒருநாள் முன்பின் லீவு போட்டால் நான்கு இரவுப் பயணம் அடங்கிவிடும். கோடையில் கப்பல் இருந்தால் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி நல்ல நேரம்.

வழித்தடத்தில் எங்கள் முதல் ஓட்டு பினாங்குக்கு. கப்பல் பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனிலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் அணையும். இறங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், வாழையிலைச் சாப்பாடு, நாசி கண்டார் (சோறும் குழம்பு வகைகளும்) கடைகள். கப்பலில் விற்கும் சுற்றுலாவை இங்கே வாங்க வேண்டிய அவசியமே இல்லை. நேரம் நிறைய இருந்தால் 204 எண் பேருந்தில் பினாங்கு மலை ரயிலுக்குப் போகலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு கிராப் செயலியில் வாடகைக் கார் பிடிப்பது சுலபம், மேலே ஏற ஐநூறு படிக்கு மேல். போர்ட் கிளாங் வழித்தடத்தில் இந்த வசதி இல்லை. அங்கிருந்து கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசலில் இன்னும் கூடும். பத்துமலை பார்க்கப் பேருந்துச் சுற்றுலாவுக்கு நான்கு பேரும் காசு கட்ட வேண்டி வரும். பயணக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

புக்கெட்டில் பெரிய கப்பல் கரையில் அணையாது. பாத்தோங் கடற்கரைக்குத் தள்ளி நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களைக் கொண்டுபோவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை அலை அதிகம், படகிறக்கமே ரத்தாகலாம். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது என்பதால் சிங்கப்பூர்–பினாங்கு ஓட்டத்தில் ஆட்டம் மிகக் குறைவு. இன்னொன்று: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் கைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கைபேசி 3 மணி காட்டும்போது கப்பலில் 4. கடைசிப் படகைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தவறுகிறார்கள். ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் எல்லாரும் இடறும் இடம் சிங்கப்பூர் விசா. விமானத்தில் வந்து நுழைவது ஒரு தடவை, கப்பலில் திரும்பி நுழைவது இரண்டாவது தடவை. ஆகவே பலமுறை நுழையும் விசா வேண்டும். ஏஜெண்ட் அனுப்பும் தாளில் அது எழுதியிருக்கிறதா என்று நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பிள்ளையின் விசா மட்டும் ஒருமுறை என்றிருந்தாலும் செக்-இன் மேசையில் குடும்பமே நிற்கும். சிங்கப்பூர் வருகை அட்டையையும் ஒவ்வொரு நுழைவுக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும். வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு தருகிறது, 2026 இறுதி வரை அறிவித்திருக்கிறார்கள். தாய்லாந்து விதி அடிக்கடி மாறும். காசு கட்டும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்தபின் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

நம்மூர்ப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். இணையப் படிவமோ அதை நிரப்பாமல் விடாது. மனைவிக்குக் கணவர் பெயரையும் பிள்ளைக்கு அப்பா பெயரையும் உங்கள் இஷ்டத்துக்குப் போட்டுவிடாதீர்கள். எப்படி நிரப்புவது என்று கம்பெனியிடமோ ஏஜெண்டிடமோ எழுத்தில் கேட்டு வாங்கி, விமான டிக்கெட்டிலும் அதே வடிவத்தை வையுங்கள்.

நேரடியாக வாங்குவதா, ஏஜெண்டிடமா? கப்பல் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வராது. நேரடியாகக் கட்டினால் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கூடுதல் உண்டு, பல அட்டைகளில் 3.5 சதவீதம் வரை. இந்திய ஏஜெண்டிடம் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டலாம் என்பதால், வரி கட்டுகிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள். முதல்முறைக்கு ஏஜெண்ட் நல்லது என்பதே எங்கள் கருத்து, ரத்து விதியை எழுத்தில் தந்தால் மட்டும். கம்பெனியின் விதிப்படி நான்கு இரவு வரையுள்ள பயணத்துக்கு முழுப் பணத்தையும் 75 நாள் முன்பே கட்டி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு படிப்படியாகப் பிடித்தம். 30 நாளுக்குள் ரத்து செய்தால் வரி தவிரக் கட்டணத்தில் எதுவும் திரும்பாது. ஏஜெண்டின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பிள்ளையின் தேர்வுத் தேதி வராமல் திரும்பக் கிடைக்காத டெபாசிட்டில் கை வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சிங்கப்பூர்ப் பயணங்களில் இந்தியப் பயணிகள் கணிசம். பஃபேயில் சோறு, பருப்பு, காய்கறிக் குழம்பு வகைகள் கிடைக்கும். சுத்த சைவம், ஜைன உணவு என்றால் 45 நாள் முன்பே பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். முதல் இரவு உணவுக்கூடத்தில் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசிவிட்டால் அடுத்த நாளிலிருந்து தனியாகச் செய்துகொடுப்பார்கள். சுவை வட இந்தியப் பக்கம்தான் சாயும், சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், டீ, சாதாரணக் காபி, லெமனேட் இலவசம். கோலா வகைகளுக்குக் காசு, அதன்மேல் 18 சதவீதம். அறைக்கு உணவு வரவழைத்தால் 7.95 டாலரும் அதே 18 சதவீதமும். வைஃபை ஒரு கருவிக்கு நாளொன்றுக்கு இருபது டாலரைத் தொடும். வீட்டுக்கு ஒன்று போதும். எல்லாக் கைபேசியையும் விமானப் பயன்முறையில் வையுங்கள், இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் சொந்த டவரைப் பிடித்து ரோமிங் பில் வரும்.

பாதுகாப்புச் சோதனையில் நம்மவர்கள் பறிகொடுப்பது மின்கெண்டி, குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தீ விபத்துக்கு அஞ்சி எல்லாவற்றையும் வாங்கி வைத்து இறங்கும்போதுதான் தருவார்கள். பிரிக்காத பாக்கெட் நொறுக்குகள் கொண்டுபோகலாம், கட்டுச்சோறு கூடாது. நம் மூன்றுமுனை பிளக் அங்கே செருகாது. மெல்லிய இரண்டுமுனை சார்ஜர் ஐரோப்பிய சாக்கெட்டில் பொருந்தும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்கள் என்பதால், மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். டயப்பர் போடும் குழந்தையை நீச்சல்குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பரானாலும் சரி. சிறுவர் மன்றம் 3 வயதிலிருந்து 12 வரை இலவசம், ஆனால் கழிவறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையை ஏற்றவே மாட்டார்கள்.

சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. பெரிய கப்பல்கள் மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து. ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது வேறு. டாக்சியில் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், அல்லது மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். முந்தின நாளே சிங்கப்பூர் சேர்ந்துவிட வேண்டும். விமானம் தாமதம் என்று கப்பல் காத்திருக்காது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்பு ராயல் கரீபியன் செயலியில் செக்-இன் திறக்கும்போதே மதியத்துக்கு முந்தைய நேரத்தைப் பிடித்தால் வரிசை குறைவு, அன்றைய மதியச் சாப்பாடும் கப்பலிலேயே.

பாஸ்போர்ட்டே இல்லாத குடும்பம் என்றால் இந்தியக் கம்பெனியான கார்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பலைப் பார்க்கலாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. உள்நாட்டு வழித்தடத்துக்கு அடையாள அட்டை போதும், இலங்கை போனால் பாஸ்போர்ட் வேண்டும். 1990-இல் கட்டிய கப்பல், அறைகள் சிறியவை, சென்னையில் ஆண்டு முழுக்க நிற்பதும் இல்லை. கடல் பயணம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இரண்டு இரவுக்கு அது சரி. பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேடிக்கையும் வேண்டும் என்றால் சிங்கப்பூர்தான்.

கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் பிள்ளைகளுக்குத் தரும் கப்பல் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி தடை போடச் சொல்லுங்கள். வீடியோ கேம் கூடத்தில் அட்டையைத் தேய்த்தால் போதும், டாலர் ஓடும். கணக்கைத் தினமும் இரவு செயலியில் பாருங்கள். தவறு இருந்தால் கடைசி இரவுக்கு முன்பே மேசையில் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் காலையில் அங்கே வரிசை வளைந்து நிற்கும். திரும்பும் விமானத்தை மதியம் ஒன்றரைக்கு முன் எடுக்காதீர்கள்.